பானெட்டுக்கு அந்தப் பக்கம்

அந்தப் பழைய பெட்ரோல் கார் என் நாத்தனாரின் கைக்கு மட்டுமே கட்டுப்படும் என்று எங்கள் குடும்பம் அப்போது நம்பியது. சுரங்கத்தில் வேலை பார்த்த மாமனார் விட்டுச் சென்ற வண்டி அது. கிளம்ப மறுத்தால் என் கணவர் குறிஞ்சிப்பாடியில் இருந்த தங்கைக்குத்தான் முதலில் போன் செய்வார். அடுத்த பஸ்ஸில் அவள் வந்துவிடுவாள்.

என் வேலை சாவியைத் திருப்புவது. தூக்கி நிறுத்திய பானெட் கண்ணாடி முழுவதையும் மறைத்துக்கொள்ளும். அதற்கு அப்பால் அண்ணனும் தங்கையும் பாதிப் பாதி வார்த்தைகளில் பேசிச் சிரிப்பது மட்டும் கேட்கும். எதற்குச் சிரிக்கிறார்கள் என்று நான் கேட்டதில்லை. கேட்டுத் தெரிந்துகொள்ளும் சிரிப்பில் எனக்குப் பங்கு இருக்காது என்பதை அறிந்திருந்தேன். என்னோடு பேசும்போது அந்தக் குரல் அவருக்கு வந்ததே இல்லை.

ஓர் ஆண்டு ஆயுத பூஜையன்று என் கணவர் தான் வேலை பார்த்த பிளாண்டில் நடந்த பூஜைக்குப் போய்விட்டார். குவார்ட்டர்ஸ் வாசலில் நின்ற காருக்கு நாத்தனாரே சந்தனமும் குங்குமமும் வைத்தாள். பூஜை நாளில் வண்டியை எடுப்பதில்லை. மறுநாள் காலை சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழங்களை வைத்துவிட்டுச் சாவியைத் திருப்பினேன். இன்ஜின் சுழன்றது, பற்றிக்கொள்ளவில்லை.

வழக்கம்போல் பானெட் எழுந்தது. என் கணவர் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி இன்ஜின் மேல் கிடத்தி, "திருப்பு" என்றார். பொறி வரவில்லை. பிளக்குக்கு மின்சாரம் அனுப்பும் காயிலிலிருந்து வரும் தடித்த வயரை இரும்பருகே பிடித்துப் பார்த்தார்கள். அதிலும் இல்லை. காயிலில் ஒரு சிறு பல்பை இணைத்தார்கள்.

"அணைஞ்சி அணைஞ்சி எரியணும், பாப்பா. இது எரிஞ்சிகினே கீது."

"அப்ப பாயிண்ட்டுதான். மூடியக் கழட்டு அண்ணே."

டிஸ்ட்ரிபியூட்டர் மூடிக்குள் இருக்கும் இரண்டு சிறு உலோக முனைகளைத்தான் பாயிண்ட் என்பார்கள். அவை தொட்டுத் தொட்டு விலகினால்தான் பிளக்கில் பொறி பிறக்கும். அவற்றுக்கு இடையே என்ன இருக்கிறது என்பது இருவர் கண்ணுக்கும் பிடிபடவில்லை. நாத்தனார் என் பக்கம் வந்தாள்.

"அண்ணி, ஒங்க படிக்கிற கண்ணாடியக் கொஞ்சம் குடுங்க."

என்னை அழைக்கவில்லை, என் கண்ணாடியைக் கேட்டாள்.

"கண்ணாடி கழட்டிக் குடுக்கறதுக்கில்ல. நானே வந்து பாக்கறேன்."

முதன்முறையாக அந்தப் பக்கம் போய் நின்றேன். டார்ச் வெளிச்சத்தில் குனிந்து பார்த்தேன். முனைகளுக்கு நடுவே மஞ்சளாக ஏதோ காய்ந்து ஒட்டியிருந்தது. முகர்ந்தேன்.

"சந்தனம்" என்றேன். அந்த ஒரு சொல்லை நான் எவ்வளவு நிதானமாக, எவ்வளவு இனிப்பாகச் சொன்னேன் என்பது இன்றும் காதில் நிற்கிறது.

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "ஏன் பாப்பா, வண்டியோட வாயத் தொறந்து சந்தனத்த ஊட்டி வுட்டியா?"

அவள் சிரிக்கவில்லை. "அப்பா அப்படித்தானே வெப்பாரு? உள்ள கைய வுட்டுத்தானே வெப்பாரு?"

"மூடி மேலதான் வெப்பாரு. நீ அப்ப எங்க பாத்த? பானெட்டு ஒனக்கு எட்டவே எட்டாது. பக்கத்துல நின்னு அவரு முட்டியத்தான் பாத்துகினு இருப்ப."

நாத்தனார் புடவைத் தலைப்பால் கையைத் துடைத்தாள், அதில் அழுக்கு எதுவும் இல்லாதபோதும். அவளும் ஒரு காலத்தில் எதுவும் தெரியாத பக்கத்தில் நின்றவள்தான் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அதனால் என் பொறாமை தீர்ந்துவிடவில்லை. அதோடு அவள் மீது சிறிது பரிவும் சேர்ந்துகொண்டது. இரண்டும் ஒன்றாக இருக்க இயலும் என்று நான் அதுவரை நினைத்ததில்லை.

அவர் முனைகளை உப்புத்தாளால் மெல்லத் தேய்த்து, பெட்ரோல் நனைத்த துணியால் துடைத்தார். நான் சாவியைத் திருப்ப டிரைவர் சீட்டுக்குப் போனேன். அதற்குள் நாத்தனார் உள்ளே ஏறி அமர்ந்திருந்தாள்.

"நீங்க அங்கியே நில்லுங்க அண்ணி. சாவிய நான் பாத்துக்கறேன்."

அவள் திருப்பினாள். இன்ஜின் மேல் கிடந்த பிளக்கின் நுனியில் சிறு நீலப் பொறி துடித்தது. பகல் வெளிச்சத்தில் தெரிந்தும் தெரியாமலும் துடித்த அதை அவரும் நானும் தலையோடு தலை குனிந்து பார்த்தோம்.

"பாத்தியா?" என்றார், நான் ஏங்கியிருந்த அதே குரலில்.

ரிட்டயர் ஆகும் முன்பே அவர் இறந்துபோனார். குவார்ட்டர்ஸைக் காலி செய்தபோது கார் விற்கப்பட்டது. நான் இப்போது வடலூரில் இருக்கிறேன். நாத்தனார் வருவாள், அவருடைய பால்யத்தைப் பற்றி நான் கேட்காமலே சொல்வாள். எனக்குக் கிடைக்காத அந்த ஆண்டுகள் அவளிடம் இருக்கின்றன என்ற பொறாமையோடுதான் இன்றும் கேட்கிறேன். அவரைப் பற்றிப் பேச அவளும் நானும் மீதம் இருக்கிறோம்.