மூளை வரிசையில் நிற்காது: பிலோமினா மிசி

செவ்வாய்க்கிழமை காலை, மீன்பெட்டி கட்டிய சைக்கிளில் வருகிறவர்தான் சொன்னார். "முள்ளிவாய்க்கால் மிசி போட்டாவாம். கரைச்சல் இல்லாமப் போட்டா. நல்ல சாவு." எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இரண்டு வருசம் பாரிசவாதத்தில் வலப்பக்கம் விழுந்து, பேச்சுப் போய், முள்ளிவாய்க்காலில் தமக்கை வீட்டுக் கட்டிலில் கிடந்த மனுசி. "நல்ல சாவோ? உமக்கு வரட்டும் அப்பிடி ஒரு நல்ல சாவு" என்று ஏசிவிட்டேன். பாவம், அந்த மனிதர் மீனை நிறுக்காமலே தந்துவிட்டுப் போனார். பிலோமினா மிசியோடு பழகிய உங்களுக்கு என் கோபத்தின் காரணத்தைச் சொல்லத்தான் வேண்டும்.

அக்கராயனுக்கு அங்கால் கிடுகு வேய்ந்த எங்கள் சின்ன ஆஸ்பத்திரியில் அவர் தலைமைத் தாதி. நான் மருந்து கொடுக்கும் யன்னலில் இருந்தவன். யாராவது தலைசுற்று, கை விறைப்பு என்று வந்தால் பதிவுத் துண்டு எழுத முன்னமே மிசி போய் நிற்பார். "சிரியுங்கோ பாப்பம். ரெண்டு கையையும் தூக்குங்கோ." பிறகு பேச்சைச் சோதிக்க ஒரு கேள்வி. முதலில் "உங்கட ஊர் எது?" என்றுதான் கேட்டார். நாலைந்து தரம் இடம்பெயர்ந்த சனம்; எந்த ஊரைச் சொல்வது என்று நல்ல மூளையே தடுமாறியது. "மூத்த பிள்ளையின்ர பேர் என்ன?" என்று மாற்றிப் பார்த்தார். சிலர் அழத் தொடங்கினார்கள். கடைசியில் "இண்டைக்கு என்ன கறி?" என்பதில் வந்து நின்றார். எல்லாருக்கும் ஒரே பதில்தான், பருப்பு. அதைச் சொல்ல நாக்குத் தடக்கினால் அங்கேயே பிடிபட்டுவிடும். "எங்கட குசினியில மிசிக்கு என்ன அலுவல்?" என்று ஒரு பெரியவர் சண்டைக்கே வந்தார்.

பாரிசவாதத்தைவிட எங்கள் சனத்தின் மரியாதைதான் பொல்லாதது என்பார் மிசி. ஒரு நாள் ஒரு மகன் தகப்பனை உழவு இயந்திரப் பெட்டியில் கொண்டுவந்தார். மலைநாட்டிலிருந்து வந்து காடு வெட்டிக் குடியிருந்த குடும்பம். அந்த நேரம் பார்த்துச் சண்டையில் காயப்பட்டவர்களும் வந்து இறங்க, இவர்கள் தாமாகவே எழும்பி ஒதுங்கிவிட்டார்கள். "வெடிபட்ட பிள்ளையளை முதல்ல பாருங்கோ. அப்பாவுக்குச் சும்மா மயக்கம்தான்." காத்திருந்த நேரத்தில் தெம்புக்கென்று மல்லிக்கோப்பியும் பருக்கினார்கள். விழுங்க முடியாத வாய். கோப்பி நெஞ்சுக்குள் போய்விட்டது. மிசி கண்டுவிட்டு ஓடிவந்து கிழவரைச் சரித்துப் படுக்கவைத்து, வாயைத் துடைத்தபடி கத்தினார்: "இரத்தம் தெரிஞ்சால்தான் காயமோ? மூளை வரிசையில நிக்காது!" மூன்றாம் நாள் சளிக்காய்ச்சலில் கிழவர் செத்துப்போனார். "மற்றவைக்கு இடம் விட்டது பிழையோ மிசி?" என்று மகன் கேட்டார். அடுத்த நாள் மிசி வாசலில் தனியாக ஒரு வாங்கு போடுவித்து, 'வாய் கோணினவை, கை விழுந்தவை இதில் இருக்கவும். ஒண்டும் பருக்க வேண்டாம்' என்று மட்டையில் எழுதித் தொங்கவிட்டார்.

மூளையைப் படம் பிடிக்கிற மெசின் எங்களிடம் எங்கே இருந்தது? விரலில் குத்திச் சீனி பார்ப்பது, பிறசர் பார்ப்பது, சரித்துப் படுக்கவைப்பது, சேலைன் ஏற்றுவது, படுக்கைப்புண் வராமல் திருப்பிவிடுவது. "இவ்வளவுதான் கிடக்கு. இதையாவது நேரத்துக்குச் செய்வம்" என்பார். சீனி குறைந்து வாய் குழறி வந்த ஒருவர் குளுக்கோஸ் ஏற்றிய கையோடு எழும்பியிருந்து சுருட்டுக் கேட்டார். அன்று முழுக்க மிசியின் முகத்தில் சிரிப்பு.

பிறகு, சந்தையில் எறிகணைச் செல் விழுந்த அந்தக் காலை. வயிற்றில் காயப்பட்ட ஒரு பெண்பிள்ளைக்கு மிசி கட்டுப் போட்டுக்கொண்டிருந்தார். கத்தரிக்கோல் கையிலிருந்து விழுந்தது. எடுத்தார், மறுபடியும் விழுந்தது. "மிசி, என்னைப் பாத்துச் சிரியுங்கோ" என்றேன். சிரித்தார், இடப்பக்கத்தால் மட்டும். அவருக்கே விளங்கிவிட்டது.

மண்ணெண்ணெயில் ஓடும் வாகனம் ஒன்றுதான் எங்களிடம் இருந்தது. அதில் ஒருவரைத்தான் படுக்கவைத்து வவுனியாப் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பலாம். "பிள்ளையை நான் இஞ்ச வச்சுப் பாக்கிறன். மிசியை ஏத்து" என்று டொக்டர் எனக்குச் சொல்லிவிட்டு உள்ளே ஓடினார். மிசி இடக்கையால் வாகனக் கதவைப் பிடித்துக்கொண்டார். "பிள்ளையை ஏத்து. எனக்கு இரத்தமே வரேல்லை." சொற்கள் குழைந்து வந்தன.

"நீங்கள்தானே மிசி மூளை வரிசையில நிக்காது எண்டு கத்தினனீங்கள்!"

"சொன்னதைச் செய்யடா."

வருசக்கணக்காக அந்த அதட்டலுக்குப் பணிந்து பழகிய நாய் நான். பிள்ளையைத்தான் ஏற்றினேன். பின்னேரத்துக்குள் மிசிக்குப் பேச்சுப் போய்விட்டது.

பிள்ளை தப்பிவிட்டது, இப்போது பள்ளிக்கூடம் போகிறது. அதனால் மிசியைக் கோபிக்கவும் எனக்கு வழியில்லை. "கொண்டு போயிருந்தாலும் என்ன செய்திருப்பினம்?" என்று ஆறுதல் சொல்ல வருகிறார்கள். என்ன செய்திருப்பார்களோ எனக்குத் தெரியாது. அது தெரியாமலே போய்விட்டதுதான் என் கோபம்.

போன மாதம் முள்ளிவாய்க்காலுக்குப் போனேன். மிசிக்கு மிஞ்சியிருந்தது ஒரேயொரு சொல், ஆமென்கிற 'ஓம்'. பசிக்குதோ என்றாலும் ஓம், பசியில்லையோ என்றாலும் ஓம். தமக்கை தண்ணீர் அள்ளப் போன நேரம் கதிரையைக் கட்டிலுக்குக் கிட்ட இழுத்துப்போட்டுக் கேட்டேன்.

"மிசி, அந்தப் பிள்ளையை ஏத்தினது சரிதானே?"

"ஓம்."

"உங்களை இழுத்து ஏத்தியிருக்க வேணுமோ?"

முகத்தை என் பக்கம் திருப்பினார்.

"ஓம்."

அவரிடமிருந்து நான் வைத்திருப்பது அந்த இரண்டு பதில்களும்தான். முதலாவதை ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன். இரண்டாவதை இன்றைக்குத்தான் வெளியே சொல்கிறேன்.