சித்திக்குப் படிப்பித்த பாஷை

என்னுடைய ஒன்பதாவது வயதில் நான் ஓர் ஆளுக்குக் கொழும்புப் பேச்சுப் படிப்பித்தேன். எனக்கு வாய்த்த ஒரே மாணவி என் சித்திதான்.

சித்தி யாழ்ப்பாணத்தில் கலியாணம் முடித்து, கனடாவுக்குத் திரும்பிவிட்ட சித்தப்பா தன்னை அங்கே எடுப்பிக்கும்வரை எங்களோடு இருக்கவென்று கொழும்பு வெள்ளவத்தைக்கு வந்தவர். ஆறு மாதம் என்றார்கள். அப்போதே இரண்டு வருடமாகியிருந்தது. ஒழுங்கை முனைக் கடையில் அவர் “வந்தனான்”, “போனனான்” என்று யாழ்ப்பாணப் பேச்சில் குனிந்த தலையோடு கதைக்க, நின்றவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். மீன்காரர் பழைய மீனைத் தலையில் கட்டினார். வீட்டுக்கு வந்ததும் சித்தி பையை வைத்துவிட்டுக் குளியலறைக்குள் போய்விடுவார்.

எனக்கோ கொழும்புப் பேச்சு தண்ணீர்பட்ட பாடு. எல்லாம் பள்ளிக்கூட வேனில் பழகியது. தெஹிவளையிலிருந்து பம்பலப்பிட்டி வரை ஏறும் பிள்ளைகள் தமிழையும் சிங்களத்தையும் இங்கிலீசையும் ஒன்றாய்ப் பிசைந்துதான் கதைப்போம். நல்லதென்றால் “எல”, மிக நல்லதென்றால் “பட்ட”, அண்ணனென்றால் “அய்யே”, ஐயோவென்றால் “அனே”, பைத்தியமென்றால் “பிஸ்ஸு”, பைத்தியமா என்று கேட்க “பிஸ்ஸா”. அப்பா இதற்கு “வேன் பாஷை” என்று பெயர் வைத்திருந்தார். கந்தோரில் கணக்காளராக இருந்த அவருக்கு, பிள்ளை ஊர்த் தமிழ் கதைப்பதில் அப்படியொரு பெருமை. ஒருநாள் சாப்பாட்டு மேசையில் “அடேய்” என்பதற்கு “அடோ” என்று வாய் தவறிவிட்டது. வாயிலேயே அடி விழுந்தது. இன்னொரு தரம் இப்படி ஒன்று கேட்டால் யாழ்ப்பாணத்தில் விடுதியில் கொண்டுபோய் விடுவேன் என்றார். அப்பா சொன்னால் செய்கிற ஆள்.

அதனால் வகுப்பு இரகசியமாக நடந்தது. அப்பா கந்தோரால் வருமுன், சித்தி குசினியில் தேங்காய் துருவும்போது நான் சொல்ல அவர் திருப்பிச் சொல்வார். “பிஸ்ஸு” என்று சொல்லிவிட்டுத் துருவலையில் சாய்ந்து சாய்ந்து சிரிப்பார். ஒரு மாதத்தில் தலையை நிமிர்த்திக்கொண்டு மீன்காரரிடம் போனார். பின்னால் நானும் போனேன்.

“பிஸ்ஸா அய்யே? இது நேத்தைய மீனெல்லோ!”

மீன்காரர் ஒருகணம் திகைத்துவிட்டு, உரக்கச் சிரித்து, பெட்டிக்குள்ளிருந்து நல்ல மீனாக எடுத்துக்கொடுத்தார். மூன்று மாடியும் சித்தி ஓடித்தான் ஏறினார். அன்றைக்கு வைத்த மீன்குழம்பைப்போல் அதற்குப் பிறகு நான் சாப்பிட்டதில்லை.

சித்தப்பாவின் அழைப்பு சனிக்கிழமை பின்னேரங்களில் வரும். எல்லோரும் சுகம் விசாரிக்கவேண்டும் என்பதற்காக ஸ்பீக்கரில் போடுவார்கள். அந்தச் சனிக்கிழமை சித்தப்பா கலியாணப் படங்களை மறுபடியும் அனுப்பச் சொன்னார். நான்காவது தடவை. நல்ல மனநிலையில் இருந்த சித்தி, “அனே, பிஸ்ஸா உங்களுக்கு? எத்தினை தரம் அனுப்புறது!” என்று சிரித்தார்.

சித்தப்பா மெதுவாகக் கேட்டார்.

“உதெல்லாம் ஆரோட கதைச்சுப் பழகினனீர்?”

“பிள்ளைதான் பழக்கினவள். கேளுங்கோவன்,” என்றார் சித்தி, இன்னும் சிரித்துக்கொண்டே.

“ஒன்பது வயசுப் பிள்ளையோ? ஓட்டோக்காரரோட நிண்டு கதைக்கிறீரோ எண்டு கேக்கிறன்.”

சித்தி தொலைபேசியை என் பக்கம் திருப்பினார். அப்பா பேப்பரை இறக்கி என்னைப் பார்த்தார்.

“இல்லை சித்தப்பா. எனக்கு உந்தக் கதையள் ஒண்டும் தெரியாது,” என்றேன் நான். அச்சொட்டான யாழ்ப்பாணத் தமிழ். ஒரு பிசிறில்லை. அப்பா திருப்தியோடு பேப்பரைத் தூக்கிக்கொண்டார்.

சித்தியின் சிரிப்பு முகத்தில் அப்படியே நின்றது. அதற்குமேல் அவர் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை, வாதாடவும் இல்லை. அன்றிலிருந்து மீன் வாங்க அம்மாதான் போனார்.

இப்போது எனக்கு வேலையிருக்கிறது. என் வாயில் வருவதில் பாதி வேன் பாஷைதான், ஒருவரும் அடிப்பதில்லை. ஓய்வுபெற்ற அப்பாவே வீட்டுத் தரகரிடம் “எல, எல” என்று தலையாட்டுகிறார். சித்தி இன்னமும் அதே வீட்டில்தான் இருக்கிறார். கடைக்குப் போனால் வேண்டியதை விரலால் காட்டுவார். நான் உண்மையைச் சொல்லி எத்தனையோ வருடமாகிவிட்டது. சித்தப்பாவின் அழைப்பு அந்தச் சனிக்கிழமையோடு நின்று, அவருக்கு அங்கே வேறு குடும்பமும் ஆனபிறகுதான் சொன்னேன். கேட்டுவிட்டுச் சித்தி தேநீர் போட எழுந்து போனார். அந்த முதுகைப் பார்த்தபோது வெறுத்ததுபோல் நான் என்னை எப்போதும் வெறுத்ததில்லை.

ஆனால் பொய் சொன்ன அன்றைக்குச் சித்தியை நினைத்து எனக்கு அவ்வளவு பயமிருக்கவில்லை. அப்பா இல்லாத நேரமாகப் பார்த்து, அடுத்த கிழமை நானே இரண்டு சொல் சொல்லிக் காட்டினால் சித்தப்பா சிரித்துவிடுவார், எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்திருந்தேன். எந்தச் சொற்கள் என்றுகூட யோசித்து வைத்திருந்தேன்.

அடுத்த சனிக்கிழமை அப்பா வெளியே போயிருந்தார். சித்தி தலைவாரிப் பொட்டுவைத்து, தொலைபேசிக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். நானும் போய் ஒட்டி உட்கார்ந்து, மணியடிக்கட்டும் என்று காத்திருந்தேன்.