ஏரிக்குள் ஒற்றைப் படகு

கீழ்பென்னாத்தூர்ப் பக்கம் எங்கள் ஊர் ஏரியில், ஒருவர் மட்டும் உட்காரக்கூடிய மலிவான பிளாஸ்டிக் கயாக் படகில் அவர் மீன் பிடிப்பார். ஐம்பது வயது இருக்கும். வெயிலில் கறுத்த முகம், முன்பல் ஒன்று இல்லை. மெல்லிய தூண்டில் நரம்பை ஆள்காட்டி விரலில் போட்டுக்கொண்டு கண்ணை மூடிக்கொள்வார். மீன் தொட்டால் விரலுக்கே தெரியுமாம்.

என் சித்தப்பா மகன் குளிக்கப் போய் மூழ்கிய அன்று, கரையிலிருந்து அவரைத்தான் கத்திக் கூப்பிட்டோம். அவன் இறங்கிய இடத்தைக் காட்டினோம். நரம்பில் ஈயக்குண்டைக் கட்டி, தண்ணீருக்கடியில் துழாவியபடி சுற்றிச் சுற்றி வந்தார். ஒரு மணி நேரம் கழித்து, "இங்கதாங்க" என்றார். ஆட்கள் முங்கித் தூக்கினார்கள். அவன் கால்சட்டையில் தூண்டில் முள் மாட்டியிருந்தது. துணி கிழியாமல் அதை அவரே கழற்றினார்.

காரியமெல்லாம் முடிந்து, நன்றி சொல்லப் போனேன். அன்றும் படகில் ஏறிக்கொண்டிருந்தார்.

"நான் இப்படித் தேடி எடுத்ததுல உங்க தம்பி மூணாவது ஆளுங்க. இப்பல்லாம் நரம்புல எது தட்டினாலும் ஆளோன்னுதான் தோணுது. மீனுன்னு தெரிஞ்சா, அப்படியே தண்ணியில வுட்டுடறேன்."

"அப்புறம் எதுக்குங்க வர்றீங்க?"

"இந்த ஏரிக்கு வேற படகு இல்லீங்களே."

துடுப்பைப் போட்டு உள்ளே போய்விட்டார். அவருக்கு மீன்மேல் ஆசை கொஞ்சமாவது மிச்சமிருந்ததா என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.