மூன்று வாரக் கரகரப்பு

எங்கள் பகுதியில் அரசாங்கச் செய்தி என்றால் மைக்கக்காதான். மாநிலச் செய்தித் துறையின் வெள்ளை வேனில், ஓட்டுநருக்குப் பக்கத்து இருக்கையில், மடியில் ஓர் அட்டையும் கையில் மைக்குமாக இருபத்திரண்டு வருடம் உட்கார்ந்திருந்தாள். தடுப்பூசி முகாம், இலவசக் கண் பரிசோதனை, தையல் பயிற்சி, முதியோர் உதவித்தொகைக்கு மனு வாங்கும் நாள் எல்லாமே அவள் வாய்வழியாகத்தான் எங்களுக்கு வந்து சேர்ந்தன.

துறை கொடுக்கும் தாளில், 'பயனாளிகள் உரிய ஆவணங்களுடன் நேரில் வருகை தர வேண்டும்' என்றிருக்கும். அதைக் கடமைக்கு ஒரு தரம் படிப்பாள். பிறகு தாளைக் கவிழ்த்துவிட்டுத் தன் பேச்சைத் தொடங்குவாள்.

"ரேஷன் அட்டைய மறந்துட்டு வந்து, அப்புறம் வெயில்ல திரும்ப ஓடாதீங்க. மூணாவது மாடித் தாத்தா, போன தடவையும் நீங்க வரல. கண்ணு தெரியலன்னு நீங்க சொல்லவே வேணாம், சட்டைப் பொத்தான் மாத்திப் போட்டிருக்கறதே சொல்லுது."

தாத்தா குனிந்து பார்ப்பார், தெருவே சிரிக்கும். மறுநாள் முகாம் வரிசையில் முதல் ஆள் அவராகத்தான் இருப்பார். தாளில் இல்லாததைப் பேசியதற்காக அவளுக்கு இரண்டு தடவை எழுத்துமூலம் எச்சரிக்கை வந்தது. மூன்றாவது வரவில்லை. அவள் வேன் போகிற தெருக்களிலிருந்துதான் அதிகம் பேர் முகாமுக்கு வருகிறார்கள் என்பதைப் புதிதாக வந்த அதிகாரி கவனித்துவிட்டார்.

கணவர் குழாய் ரிப்பேர் செய்பவர். வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்கிற மாதிரி இருப்பார். ஒரு வீட்டுக்கு ஒரு வாய் போதும் என்பது அவர் கட்சி. ஒரே மகள். பள்ளிக்கூடம் விட்டு வரும்போது வேன் சத்தம் கேட்டால் அவள் வேறு சந்து வழியாக ஓடிவிடுவாள். தோழிகள் முன்னால் அம்மாவின் குரல் அவளுக்கு அவ்வளவு கூச்சம். கல்யாணமாகி வெளியூர் போன பிறகு அதே மகள் தினமும் சாயங்காலம் போன் செய்தாள். மெதுவாகப் பேசும்மா, காது வலிக்கிறது என்று சலித்துக்கொள்வாள். ஆனாலும் அரை மணி நேரத்துக்குக் குறைந்து வைத்ததில்லை.

ஒரு வருடம் மழை ஓய்ந்த சமயத்தில் மைக்கக்காவின் குரல் கம்ம ஆரம்பித்தது. தூசி என்றாள். பிளாஸ்க்கில் வெந்நீர் எடுத்து வந்தாள். மாதங்கள் போயின, கரகரப்பு போகவில்லை. வயதாகிறதல்லவா என்று நாங்களும் சொல்லிக்கொண்டோம். பிறகு அந்தக் குரலே எங்களுக்குப் பழகிவிட்டது.

அப்போதுதான் புற்றுநோய் கண்டறியும் முகாம் பற்றிய தாள் வந்தது. அதில் நான்காவது வரி: 'மூன்று வாரங்களுக்கு மேல் குரல் கரகரப்பு நீடிப்பவர்கள் அவசியம் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும்.' பதினொரு நாள், நாளொன்றுக்கு முப்பது தெரு, அந்த வரியை அந்தக் கரகரத்த குரலிலேயே அவள் படித்தாள். நாங்கள் அத்தனை பேரும் கேட்டோம். ஒருவருக்கும் உறைக்கவில்லை.

ஒன்பதாம் நாள் ஓட்டுநருக்கு உறைத்தது. வேனை ஓரமாக நிறுத்தி இன்ஜினை அணைத்தார்.

"அக்கா, அந்த நாலாவது வரி யாருக்குன்னு நினைக்கிறீங்க?"

"ஊருக்குத்தான்" என்று அவள் சிரித்தாள். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது.

முகாமன்று அவளுக்கு வாசலில் வரிசையைப் பார்த்துக்கொள்ளும் வேலை. நூற்றெண்பது பேரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு உள்ளே அனுப்பினாள். மருத்துவர் கருவிகளை எடுத்து வைக்கும் நேரத்தில் ஓட்டுநர் கிட்டத்தட்ட இழுத்துக்கொண்டுதான் அவளை உள்ளே கூட்டிப்போனார். தொண்டைக்குள் விளக்கடித்துப் பார்த்த மருத்துவர் நாற்காலியை இன்னும் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டார். எத்தனை நாளாக இப்படி என்று கேட்டார். ஆறு மாதம் என்றாள். வாசலில் நின்று ஊரையே உள்ளே அனுப்பியது நீங்கள்தானே என்று அவர் கேட்கவில்லை. ஆனால் அந்தக் கேள்வி அவர் முகத்தில் இருந்ததாக ஓட்டுநர் பிற்பாடு எங்களிடம் சொன்னார்.

பெரிய ஆஸ்பத்திரியில் புற்றுநோய் என்று உறுதிசெய்து, குரல்வளையை எடுத்துவிட வேண்டும் என்றார்கள்.

ஆபரேஷனுக்கு முதல் நாள் மகள் வந்தாள், ஏழு மாத வயிற்றோடு. பேசும்மா, எவ்வளவு வேண்டுமானாலும் பேசு என்றாள். ஊரையே கட்டி இழுத்த வாய்க்கு அன்றைக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. சாப்பிட்டாயா என்றாள். பஸ்ஸில் இடம் கிடைத்ததா என்றாள். வெகுநேரம் கழித்து, "வயித்துல இருக்கறதுக்கு நாம பேசறது கேக்குமா?" என்றாள்.

"கேக்கும்னுதான் சொல்றாங்கம்மா."

அவள் குனிந்து, மகளின் வயிற்றுக்குப் பக்கத்தில் வாயை வைத்து ஏதோ சொன்னாள். என்ன சொன்னாள் என்பது மகளுக்கே கேட்கவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக அம்மா அவ்வளவு மெதுவாகப் பேசியிருந்தாள்.

அதன் பிறகு கழுத்தில் ஒரு துளை, அதன் மேல் ஒரு வெள்ளைத் துணி. துறை அவளை வெளியே அனுப்பிவிடவில்லை. வீடு வீடாக நோட்டீஸ் கொடுக்கும் வேலைக்கு மாற்றியது. வேனில் ஒரு புதுப் பெண் வந்தாள். நல்ல உச்சரிப்பு. தாளில் உள்ளதை உள்ளபடி படிப்பாள். நாங்கள் வேலையைப் பார்த்துக்கொண்டே கேட்போம், மறந்துவிடுவோம். மைக்கக்கா படியேறி வந்து நோட்டீஸை நீட்டினால், காது கேட்காதவளிடம் பேசுவதுபோல நாங்கள் உரக்கப் பேசினோம். அவள் தன் காதைத் தொட்டுக் காட்டி, அது நன்றாகத்தான் இருக்கிறது என்று சத்தமில்லாமல் சிரிப்பாள்.

சாயங்காலப் போன் நிற்கவில்லை. மகள் பேசுவாள், இவள் நகத்தால் போனில் தட்டுவாள். ஆமாம் என்றால் ஒரு தட்டு, இல்லை என்றால் இரண்டு. பேத்தி பிறந்த அன்று குழந்தையின் அழுகையைக் கேட்டுக்கொண்டு தட்டினாள், தட்டினாள், தட்டிக்கொண்டே இருந்தாள். கணவர்தான் மெல்ல அவள் விரலைப் பிடித்து நிறுத்தினார்.

ஒன்றரை வருடத்தில் நோய் நுரையீரலுக்குப் போனது. ஒரு புதன்கிழமை காலையில் அவள் இறந்துபோனாள். பேத்தியை நாலே தடவைதான் மடியில் வைத்திருந்தாள்.

அம்மாவின் குரல் எங்கேயாவது இருக்குமா என்று மகள் கேட்டாள். துறையில் விசாரித்தார்கள். எல்லாம் நேரடியாக மைக்கில் பேசியது, பதிவு செய்யும் வழக்கமே இல்லை என்றார்கள். அதன் பிறகு, அதிர்ந்து பேசாத அந்தக் குழாய்க்காரர் தெருத்தெருவாக இறங்கினார். ஒவ்வொரு கதவையும் தட்டி ஒரே கேள்வியைக் கேட்டார்.

"எங்க வீட்டம்மா பேசினது உங்க போன்ல ஏதாவது இருக்குதுங்களா?"

எங்கள் வீட்டுக்கும் வந்தார். எங்களிடம் இல்லை. இருபத்திரண்டு வருடம் கேட்ட குரல், ஒரு நொடிகூட எங்கள் தெருவில் யாரிடமும் இல்லை. அதைச் சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

மூன்றாவது வாரம் ஒன்று கிடைத்தது. பேக்கரிக்குப் பின்னால் குடியிருக்கும் ஒரு பெண், தன் மகள் சைக்கிள் பழகியதை எப்போதோ போனில் வீடியோ எடுத்து வைத்திருந்தாள். குழந்தை தடுமாறிக்கொண்டு வருகிறது. பின்னால் வெள்ளை வேன் தெருவைக் கடக்கிறது. மொத்தம் பதினான்கு நொடி.

"நாளைக்குக் காலையில தண்ணி வராது. இன்னைக்கே பிடிச்சு வெச்சுக்கங்க. அப்புறம் என்னையத் திட்டாதீங்க."

கணவர் இன்னொரு தரம் போடச் சொன்னார். மூன்றாவது தரம் போட்டபோது அவர்கள் வீட்டுப் படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

அதை மகளுக்கு அனுப்பிவைத்தார்கள். அன்று சாயங்காலம் அவள் அழைத்தாள்.

"அப்பா, பாப்பாகிட்ட போட்டுக் காட்டினேன். யாரு, யாருன்னு போனைத் திருப்பித் திருப்பிப் பாக்கறா. நான் என்னப்பா சொல்லட்டும்?"

அவர் போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு, மகள் அழுது முடிக்கும்வரை அப்படியே நின்றார்.