ராய்லி வீட்டில் சுடுதண்ணீர் இருக்கிறதா?

கனடாவின் தண்டர் பே நகரில் என் தங்கை ராய்லி தன் வீட்டுப் பேஸ்மென்டில் முடி அலங்காரக் கடை வைத்திருக்கிறாள். வாடிக்கையாளர்கள் அறுபத்து மூன்று பேர். எண்ணித்தான் சொல்கிறேன். அதில் நாற்பத்தொரு பேர் எழுபது வயதைத் தாண்டிய பெண்கள். அலசும் தொட்டி ஒன்று, நாற்காலி இரண்டு, தலைக்கு மேல் கவிழ்க்கும் டிரையர் இரண்டு. கணவன் வெய்க்கோ வேலை பார்த்த காகித ஆலை மூடியபோது அதைத் திறந்தாள். வெய்க்கோ இறந்த வாரத்தில் மட்டும் மூன்று நாள் மூடினாள். மற்றபடி ஒருவரையும் திருப்பி அனுப்பியதில்லை. இந்த ஜனவரியில் வந்த சனியன் வரைக்கும் அப்படித்தான்.

எங்கள் வீட்டில் ஆறு பிள்ளைகள். நான் மூத்தவன், ஒன்பதாம் வகுப்போடு நின்று தானியக் கிடங்கில் எடை பார்க்கப் போனேன். ராய்லி மட்டும்தான் கல்லூரி வாசல் மிதித்து, முடி வெட்டவும் சுருட்டிப் பெர்ம் போடவும் சான்றிதழ் வாங்கியவள். அந்தச் சான்றிதழுக்கு நான்தான் சட்டம் அடித்துக் கொடுத்தேன். இன்றைக்கும் கோணாமல் தொங்குகிறது.

அவளுக்குப் பொய் வராது. கேட்டதற்கு, கேட்ட அளவுக்குப் பதில் சொல்வாள். மேற்கொண்டு ஒரு வார்த்தை வராது. எங்கள் பின்லாந்துக்காரர்களில் பாதிப் பேர் அப்படித்தான் என்றாலும், இவள் அதில் ஒரு படி மேல்.

எங்கள் ஊரில் வெந்நீர் ஹீட்டரை யாரும் விலை கொடுத்து வாங்குவதில்லை, வாடகைக்குத்தான் வைத்துக்கொள்கிறார்கள். ஏன் என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. ராய்லியும் ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒரு கம்பெனியோடு பன்னிரண்டு வருஷ ஒப்பந்தம் போட்டாள். "கெட்டுப்போனா நாங்களே வந்து பாத்துக்குவோம், நீங்க நிம்மதியா தூங்கலாம்" என்று சொல்லித்தான் கையெழுத்து வாங்கினார்கள். தூக்கமாம்!

ஜனவரி ஒன்பதாம் தேதி, வியாழக்கிழமை, வெளியே மைனஸ் முப்பத்தொரு டிகிரி. காலையில் குழாயைத் திறந்தால் பச்சைத் தண்ணீர்தான் வந்தது. ஹீட்டரின் அடியில் துருப்பிடித்த ஈரம். கம்பெனிக்குப் போன் போட்டாள். காலை எட்டிலிருந்து இரவு எட்டுக்குள் ஆள் வருவான் என்றார்கள். எட்டிலிருந்து எட்டு! எந்த நாள் என்று சொல்லவில்லை.

அன்று அவளுக்கு ஐந்து வாடிக்கையாளர்கள். ராய்லி பின்கட்டுக்குப் போனாள். வெய்க்கோ தன் கையால் கட்டிய சௌனா, அதாவது நீராவிக் குளியல் அறை, அங்கே இருக்கிறது. சனிக்கிழமை சனிக்கிழமை மூட்டும் அடுப்பை வியாழக்கிழமை மூட்டினாள். அடுப்புப் பக்கத்தில் நாற்பது லிட்டர் பிடிக்கும் தண்ணீர்த் தொட்டி உண்டு. அது காய்ந்ததும் இரண்டு வாளியில் மொண்டு, பனியில் இருபத்தாறு எட்டு எடுத்து வைத்து, பதினொரு படி இறங்கிப் பேஸ்மென்டுக்குக் கொண்டுவந்தாள். கோப்பையால் மொண்டு ஊற்றித் தலை அலசினாள். ஐம்பத்தெட்டு வயது. ஐந்து பேருக்கும் முடி செட் ஆனது.

வெள்ளிக்கிழமை வந்த ஹில்யா அம்மாள் தொட்டியில் தலையைச் சாய்த்துக்கொண்டு, "என்னடி ராய்லி, கோப்பையில ஊத்துறே? எனக்கு ஞானஸ்நானமா?" என்றாள். எண்பத்தொன்பது வயது. இருபது வருஷமாக வெள்ளிக்கிழமை பத்து மணி அவளுடையது.

"ஹீட்டர் போயிடுச்சும்மா. ஆள் வர்றான்."

"ஆள் வந்தா எனக்கும் சொல்லு. ஆம்பளையப் பாத்து ரொம்ப நாளாச்சு."

ஆள் வரவில்லை. பதினொன்றாம் தேதி கம்பெனியிலிருந்து போன் வந்தது. இருபதாம் தேதி மறுபடியும் வந்தது. ஒவ்வொரு தடவையும் அவள் ஏதோ பேசி வைத்தாள், ஆள் மட்டும் வரவில்லை; அவளும் மறுபடி ஒரு புகார் கொடுத்தாள். வாடகை மட்டும் தன் பாட்டுக்கு வங்கியிலிருந்து போய்க்கொண்டிருந்தது. ராய்லி தினமும் வாளி சுமந்தாள். ஒரு நாளைக்கு எட்டு நடை. வலது மணிக்கட்டில் பட்டை போட்டுக்கொண்டாள். என்னிடம் மூச்சு விடவில்லை. ஹில்யா அம்மாள் கடைத்தெருவில் என்னைப் பிடித்து ஏசிய பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

ஜனவரி இருபத்தொன்பதாம் தேதி நான் அவள் வீட்டு மேஜையில் உட்கார்ந்திருந்தபோது மூன்றாம் போன் வந்தது. மாவுக் கையோடு இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டாள்.

"மேடம், உங்க புகார் விஷயமா கூப்பிடறேன். இப்ப உங்க வீட்டுல சுடுதண்ணி இருக்கா?"

"இருக்கும்மா."

"ரொம்ப சந்தோஷம் மேடம். வேற ஏதாவது உதவி வேணுமா?"

"வேணாம்மா. ஆள் எப்ப வருவாரு?"

"பாத்துக்கறோம் மேடம். நல்ல நாளா அமையட்டும்."

கட் ஆனது. நான் காபிக் கோப்பையைக் கீழே வைத்தேன்.

"ஏன்டி, மூணு தடவையும் இதத்தான் சொன்னியா?"

"அவங்க அதத்தான் கேட்டாங்க."

"சுடுதண்ணி இருக்குன்னா சொன்னே?"

"இருக்கேண்ணே. சௌனாவுல கொதிக்குது, போய்ப் பாரு. இல்லன்னு எப்படிச் சொல்றது?"

"எங்கேருந்து வருதுன்னு சொல்லக் கூடாதா?"

"அவ கேக்கலியே."

எனக்குக் கோபம் அவள்மேல் வரவில்லை. வீட்டுக்கு ஒரு கேள்வி கேட்டு, பதிலைக் கட்டத்தில் டிக் அடித்து, புகாரை மூடிவிட்டுப் போகும் அந்த ஏற்பாட்டின்மேல்தான் வந்தது. நான் கம்பெனியிடம் கேட்டு வாங்கிய குறிப்பில் அப்படித்தான் இருந்தது. மூன்று புகாருக்கும் நேராக 'வாடிக்கையாளர் சுடுதண்ணீர் இருப்பதை உறுதி செய்தார். முடிந்தது' என்று எழுதியிருந்தார்கள். ஒருவன்கூட வீட்டுக்குள் கால் வைக்காமல் மூன்று தடவை பழுது பார்த்தாகிவிட்டது. அன்றே நான்காவது புகாரைப் பதிய வைத்தேன்.

அதற்குள் பிப்ரவரி நான்காம் தேதி, வருஷா வருஷம் வரும் சுகாதார ஆய்வாளர் அம்மாள் வந்துவிட்டார். நல்ல பெண்மணி, பூட்ஸைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் படி இறங்குவார். அலசும் தொட்டியின் குழாயைத் திறந்து விரலை நீட்டினார். திறந்தபடியே மூன்று நிமிஷம் விட்டார். பிறகு வெப்பமானியை வைத்தார். ஏழு டிகிரி.

"ராய்லி, சுடுதண்ணி?"

"வாளியில இருக்கு மேடம். சௌனாவுலேருந்து கொண்டுவரேன்."

ஆய்வாளர் வாளியைப் பார்த்தார், மணிக்கட்டுப் பட்டையைப் பார்த்தார். "எனக்கே கஷ்டமா இருக்கு. ஆனா வாளித் தண்ணி கணக்குல வராது. குழாய்ல வரணும். அது வர்ற வரைக்கும் கடைய மூடித்தான் ஆகணும்" என்று சொல்லி உத்தரவை எழுதிக் கையில் கொடுத்தார்.

கம்பெனிக்கு அந்த வாளித் தண்ணீர் போதுமான சுடுதண்ணீர். சட்டத்துக்கு அது சுடுதண்ணீரே இல்லை. நடுவில் என் தங்கை கதவில் 'மூடியிருக்கிறது, மன்னிக்கவும்' என்று அட்டை தொங்கவிட்டாள். அதிலும் மன்னிப்பு அவள் கேட்கிறாள்!

பிப்ரவரி எட்டு, சனிக்கிழமை, ஹில்யா அம்மாளுக்குத் தொண்ணூறு வயது. எங்கள் பின்லாந்துக்காரர் மன்றத்தில் காபியும் கேக்கும். நூற்றுக்கு மேல் ஆட்கள், பேரன் பேத்திகள், போட்டோ. வேறு கடையில் போய் முடி செட் பண்ணிக்கொள்ளச் சொல்லி மகள் கெஞ்சினாளாம். "இன்னொருத்தி கை என் தலையில படாது" என்று சொல்லிவிட்டு, கம்பளித் தொப்பியோடு வந்து உட்கார்ந்தாள். எல்லாப் போட்டோவிலும் அந்தச் சாம்பல் நிறத் தொப்பிதான். ராய்லி கேக்கைத் தொடவில்லை. தட்டைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்து போனாள். முப்பத்தேழு வருஷத் தொழிலில் அவளை அப்படித் தலை குனிந்து நான் பார்த்ததில்லை.

திங்கட்கிழமை, பத்தாம் தேதி, ஒருவழியாக ஆள் வந்தான். நாற்பது வயதிருக்கும். வண்டியில் புது ஹீட்டர் ஏற்றிக் கட்டியிருந்தது; நானே எட்டிப் பார்த்தேன். பழையதைத் தட்டிப் பார்த்தான், டார்ச் அடித்தான், உதட்டைப் பிதுக்கினான்.

"உள்ள அரிச்சுப்போச்சு மேடம். மாத்தணும். இதுல விரலால ஒரு கையெழுத்துப் போடுங்க."

டேப்லெட் திரையை நீட்டினான். ராய்லி விரலை நீட்டிவிட்டாள். ஆள் ஷூவைக் கழற்றிவிட்டு ஈரக் காலுறையோடு நிற்கிறான், அவனைக் காக்க வைக்கக் கூடாது என்பதுதான் அவள் நினைப்பு. எங்கள் ஊரில் பாதிக் கையெழுத்து அப்படித்தான் விழுகிறது. நான் திரையை வாங்கி மேலே தள்ளிப் படித்தேன்.

"என்னப்பா இது? இன்னையிலேருந்து புதுசா பன்னிரண்டு வருஷம்னு இருக்கு?"

"புது ஹீட்டர்னா புது ஒப்பந்தம் சார். அதான் முறை."

"பழைய ஒப்பந்தம் நாலாம் பக்கத்துல, காலம் முடியற வரைக்கும் கெட்டா இலவசமா மாத்தித் தருவோம்னு இருக்கே."

"வாடிக்கையாளர் தப்புன்னா அது செல்லாது சார். இது உப்புத் தண்ணியால வந்தது. உங்க தண்ணி கெட்டி, கடின நீர்னு சொல்வாங்க. வருஷா வருஷம் ஹீட்டரக் கழுவி விட்டிருக்கணும்."

ராய்லி நிமிர்ந்தாள்.

"எங்க தண்ணி என்னன்னு சொன்னே?"

"கெட்டித் தண்ணி மேடம். உப்பு படியும்."

"தம்பி, நான் முப்பத்தேழு வருஷமா இந்த ஊர்த் தண்ணியில தலை அலசறேன். இது சுப்பீரியர் ஏரித் தண்ணி. ஷாம்பு போட்டா நுரை போகவே மூணு தடவை அலசணும், அவ்வளவு மென்மையான தண்ணி. கெட்டித் தண்ணியில நுரையே வராது. தெக்கே என் சித்தி வீட்டுல அலசிப் பாத்திருக்கேன், முடி வைக்கோல் மாதிரி நிக்கும். இங்க வா."

அவனைத் தொட்டிக்கு இழுத்துப் போய், பச்சைத் தண்ணீரில் அவன் கையில் ஒரு சொட்டு ஷாம்பு விட்டாள். அவன் தேய்த்தான். முழங்கை வரைக்கும் நுரை ஏறியது. அலசினான், அலசினான், வழவழப்பு போகவில்லை.

"இப்ப சொல்லு. கெட்டித் தண்ணியா?"

அவன் தரையைப் பார்த்தான். "எனக்குச் சொல்லச் சொன்னத சொன்னேன் மேடம். கையெழுத்து இல்லாம என்னால இறக்க முடியாது."

"அப்ப இறக்காதே" என்றாள். கை துடைக்கத் துண்டு கொடுத்தாள். கிளம்பும்போது ஏலக்காய் ரொட்டி ஒன்றைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தாள். அதை வாங்கிக்கொண்டு, வாசல் வரை வந்த புது ஹீட்டரை இறக்காமலே திரும்பிப் போனான். அந்த வண்டி தெருமுனை திரும்பும் வரை பார்த்துக்கொண்டு நின்றேன். இவ்வளவு கேவலத்தை நான் எந்த வியாபாரத்திலும் பார்த்ததில்லை.

மதியம் கம்பெனி மேலாளர் போனில் சொன்னது: மூன்று தடவை சுடுதண்ணீர் இருப்பதாக மேடமே சொல்லியிருக்கிறார், ஒலிப்பதிவு இருக்கிறது, ஆகவே சேவை தடைபடவே இல்லை, ஒப்பந்தத்தை விட்டு விலகுவதென்றால் மிச்ச ஆறு வருஷத்துக்கும் கட்டிவிட்டுப் போகலாம்.

அவளுடைய உண்மையை எடுத்து அவள் கழுத்துக்கே கயிறு திரித்தார்கள்.

ஒண்டாரியோ அரசின் நுகர்வோர் உதவி எண்ணுக்குப் பேசினோம். அங்கிருந்த பெண் பொறுமையாகச் சொன்னார். வாடகைக்குக் கொடுக்கும் பொருளும் உருப்படியான தரத்தில் இருக்க வேண்டும். அந்த உரிமையை எந்த ஒப்பந்தமும் எழுதிப் பறிக்க முடியாது. ஒப்பந்தத்தில் இரண்டு விதமாகப் படிக்க இடமிருந்தால் நுகர்வோருக்குச் சாதகமாகத்தான் படிக்க வேண்டும். "ஆனா ஹீட்டர் வேலை செய்யலைங்கறதுக்கு உங்ககிட்ட என்ன ஆதாரம் இருக்கு?" என்று கேட்டார்.

ராய்லி எழுந்து போய், கதவில் தொங்கிய அட்டையின் பின்னாலிருந்து ஒரு காகிதத்தை உருவிக்கொண்டு வந்தாள். கடையை மூடச் சொன்ன உத்தரவு. பிப்ரவரி நான்கு, குழாய் நீர் மூன்று நிமிஷத்துக்குப் பின் ஏழு டிகிரி, வீட்டில் குழாய் வழிச் சுடுநீர் இல்லை, அரசு முத்திரை.

"இந்த ஆய்வாளரம்மா கேட்டாங்கண்ணே" என்றாள். "சரியான கேள்வியா கேட்டாங்க."

ஒப்பந்தத்தை ரத்து செய்யச் சொல்லிக் கம்பெனிக்கு அவளே கடிதம் எழுதினாள். ஒன்றேகால் பக்கம். நான் தேதிகளை மட்டும் சரிபார்த்தேன். ஒரு தேதிகூடத் தப்பில்லை. உத்தரவின் நகலை இணைத்து, பதினொன்றாம் தேதி பதிவுத் தபாலில் போட்டோம். பதிலுக்குக் காத்திருக்கலாம் என்றேன். "நான் காத்துக்கலாம். தொண்ணூறு வயசுக்காரங்க காத்துக்க முடியுமா?" என்று சொல்லிவிட்டு, சொந்தமாக ஒரு ஹீட்டர் வாங்கி, பதிமூன்றாம் தேதி பிளம்பரைக் கொண்டு மாட்டினாள். சாயந்திரம் ஆய்வாளர் வந்து குழாயைத் திறந்து பார்த்துவிட்டு உத்தரவை விலக்கினார். ஒன்பது நாள் மூடியிருந்த கடை வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு, ஹில்யா அம்மாளோடு திறந்தது.

கம்பெனியின் பதில் பத்தொன்பதாம் தேதி வந்தது. தவறு எதையும் ஒப்புக்கொள்ளாமல், நல்லெண்ணத்தின் அடிப்படையில், ஒப்பந்தத்தை முடித்துக்கொள்கிறார்களாம். மிச்ச வருஷத்துக்கு எதுவும் கேட்கவில்லை. நல்லெண்ணம் என்ற சொல்லை அந்தக் காகிதத்தில் பார்த்ததும் கையைக் கழுவ வேண்டும் போலிருந்தது. வருத்தம் என்று ஒரு வரி இல்லை. பழைய ஹீட்டரை எடுத்துப்போக ஆள் வருவான், எட்டிலிருந்து எட்டுக்குள்.

அடுத்த வெள்ளிக்கிழமை நான் கடையில் பல்பு மாற்றிக்கொண்டிருந்தேன். ஹில்யா அம்மாளின் தலை தொட்டியில். போன் அடித்தது. ராய்லியின் கை ஈரம், ஸ்பீக்கர்.

"மேடம், உங்க நாலாவது புகார் இன்னும் திறந்திருக்கு. இப்ப உங்க வீட்டுல சுடுதண்ணி இருக்கா?"

"சொல்லாதடி" என்றாள் ஹில்யா அம்மாள், கண்ணைத் திறக்காமல்.

"இருக்கும்மா" என்றாள் ராய்லி. "எதுல சூடாகுதுன்னு கேளு."

"மேடம்?"

"எதுல சூடாகுதுன்னு கேளும்மா. கேட்டு எழுதிக்கோ. உங்களுது வெளிய பனியில கெடக்கு. இது என்னோடது."

அந்தப் பக்கம் விசைப்பலகைச் சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது, நின்றது.

"மேடம், அதை எழுத இங்க இடம் இல்ல. இருக்கு, இல்லைன்னு ரெண்டுதான். 'இருக்கு'ன்னு போட்டு முடிச்சிடட்டுமா?"

ராய்லி முழங்கையால் போனை அணைத்தாள். குழாயைத் திறந்து உள் மணிக்கட்டில் சூடு பார்த்தாள். ஹில்யா அம்மாளின் நெற்றியில் ஒரு கையை அணை கட்டினாற்போல வைத்துக்கொண்டு, நுரை போக மூன்று தடவை அலசினாள்.

பழைய ஹீட்டர் மார்ச் முடிந்தும் அவள் வாசலில்தான் கிடக்கிறது.