ஈரப் பனியில் நிற்காமல் ஓடிய பலகை: அடெல்போடனில் ஒரு நாள்

சுவிட்சர்லாந்தின் பீல் நகரில் கைக்கடிகாரக் கூடுகள் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் எனக்கு வேலை. கூட்டின் மேற்பரப்பு எவ்வளவு வழவழப்பு, எவ்வளவு சொரசொரப்பு என்று அளந்து சொல்வேன். கோயம்புத்தூரிலிருந்து இங்கே வந்து எட்டு வருடமாகிறது. ஒவ்வொரு மார்ச்சிலும் ஒரு வெள்ளிக்கிழமை எங்களைப் பனிமலைக்கு அழைத்துப் போவார்கள். மூன்று பேர் ஓர் அணி. ஒருவர் பின் ஒருவராகச் சறுக்கி இறங்க வேண்டும், மூவரின் நேரத்தையும் கூட்டி இடம் தருவார்கள். விளையாட்டுதான், ஆனால் வருடம் முழுக்கப் பேசுவார்கள்.

போன வருடம் எங்கள் அணி கடைசி. காரணம் நான். சரிவு முடிந்து எல்லைக்கோட்டுக்கு முன்னால் நூற்றைம்பது அடி சமதளம். அதன் நடுவில், இரண்டு கால்களையும் மாட்டிச் சறுக்கும் என் ஸ்னோபோர்டுப் பலகை நின்றுவிட்டது. பசை தடவியது போல நின்றது. கால்களை விடுவித்து, பலகையைக் கையில் தூக்கிக்கொண்டு நடந்தேன். எல்லோரும் அன்பாகக் கைதட்டினார்கள். திட்டியிருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது.

இந்த வருடம் எங்கள் அணியில் இருந்த அபிராமியை இன்னோர் அணி கூப்பிட்டது. பொருத்தும் பிரிவில் வேலை செய்யும் அபிராமி பீலிலேயே பிறந்தவள், பெற்றோர் யாழ்ப்பாணத்துக்காரர்கள். ஐந்து வயதிலிருந்து சறுக்குகிறாள்.

“வேற ஆக்களோட வரச் சொல்லிக் கேட்டவை அக்கா. மாட்டன் எண்டிட்டன்” என்றாள்.

“ஏம்மா, போயிருக்கலாமே. என்னோட வந்தா மறுபடியும் கடைசிதான்.”

“அப்ப கடைசியா வராம இருக்கிறதுக்கு ஏதும் செய்யுங்கோவன்.”

அந்த ஞாயிறு மதியமே, எங்கள் கட்டடத்தின் சைக்கிள் அறையில் பலகையைக் கவிழ்த்துப் போட்டேன். அடிப்பரப்பு கண்ணாடி போல மின்னியது. மின்னாதா பின்னே? போன குளிர்காலத்தில் நானே மூன்று நாள் தேய்த்து மெருகேற்றியிருந்தேன். வழவழப்பாக இருந்தால் வேகமாகப் போகும் என்று நினைத்தேன்.

அங்கேதான் உறைத்தது. எங்கள் அளவைக் கூடத்தில் மெருகேற்றிய எஃகுக் கட்டைகள் உண்டு. இரண்டை ஒன்றின்மேல் ஒன்று வைத்து லேசாகத் தள்ளினால் ஒட்டிக்கொள்ளும், இழுத்தாலும் பிரியாது. தினமும் அதைக் கையில் எடுக்கிறேன். மார்ச் பனியில் நீர் அதிகம். வழவழப்பான பலகைக்கும் பனிக்கும் நடுவில் அந்த நீர் படலமாக நின்று உறிஞ்சிப் பிடித்துக்கொள்கிறது. தண்ணீர் வெளியேற வழி வேண்டும், அதாவது அடிப்பரப்பில் கோடுகள் வேண்டும்.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. எஃகு அளவுகோலைக் குறுக்கே நிறுத்தி, பின்னால் கைப்பேசி வெளிச்சத்தைப் பிடித்துப் பார்த்தேன். கால்களை மாட்டும் பைண்டிங்குகளுக்கு நேர்கீழே மட்டும் வெளிச்சம் கசிந்தது. எட்டு இடத்தில் சின்னச் சின்னக் குழி! கழன்றுவிடுமோ என்ற பயத்தில் எட்டுத் திருகாணிகளையும் என் பலம் முழுக்கப் போட்டு முறுக்கியிருந்தேன். அவை அடிப்பரப்பை மேலே இழுத்துவிட்டன. போதாததற்கு, பைண்டிங்குகள் குதிகால் பக்கமாகத் தள்ளியிருந்தன. அதனால் குதிகால் பக்கம் சாயும்போதெல்லாம் பூட்ஸ் பனியில் உரசி வேகத்தைத் தின்றது.

திருகாணிகளைத் தளர்த்தினேன். மறுநாள் குழிகள் பாதிக்கு மேல் மறைந்திருந்தன. பூட்ஸின் முன்னும் பின்னும் ஒரே அளவு வெளியே நீளும்படி பைண்டிங்கை நகர்த்தி, திருகாணிகளை அளவாக முறுக்கினேன். பிறகு கட்டையில் சுற்றிய முரட்டு உப்புத்தாளால் பலகையின் மூக்கிலிருந்து வால்வரை ஒரே திசையில் கோடு போட்டேன். மெழுகை உருக்கித் தடவி, ஆறியதும் சுரண்டி, கோடுகளுக்குள் மெழுகு அடைக்காதபடி பித்தளைத் தூரிகையால் தேய்த்தேன். நானே ஏற்றிய மெருகை நானே கெடுத்தேன்.

வெள்ளிக்கிழமை காலை 6.45க்குப் பீலில் ரயில். பெர்னிலும் ஃப்ருட்டிகனிலும் மாற வேண்டும். துன் நகரைத் தாண்டியதும் இடது பக்கம் உட்காருங்கள், ஏரி கூடவே வரும். ஃப்ருட்டிகனிலிருந்து அடெல்போடனுக்குப் பேருந்தில் 16 கிலோமீட்டர், அரை மணி நேரம். அரைக்கட்டண அட்டை இருந்ததால் ஒருவழிக்கு 25 பிராங்க் ஆனது. 9.05க்கு இறங்கினோம்.

இறங்கும்போது ஓட்டுநரிடம் மேலே பனி எப்படி என்று கேட்டேன். அவர் பெர்ன் ஜெர்மனில் சொன்னதைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்: “இப்போது கல். பதினொரு மணிக்கு மேல் கூழ்.” போட்டி பதினொன்றரைக்கு. எனக்கு வேண்டியது கூழ்தான்.

ஆனால் ஒன்பதரைக்குக் கல்தானே? பயிற்சிக்கான முதல் ஓட்டத்தில் அபிராமி என்னைத் தாண்டிப் பறந்தாள். இறுகிய பனியில் என் முரட்டுக் கோடுகள் கரகரவென்று அராவின. சமதளத்தில் தத்தித் தத்தித்தான் எல்லையைத் தொட்டேன்.

“என்னக்கா, இண்டைக்கும் அதே கதையோ?”

“வெயில் ஏறட்டும் அபி” என்றேன். சொல்லிவிட்டுக் குனிந்து பலகையைச் சோதித்தேன். பார்த்தால் பின்கால் பைண்டிங் லேசாக ஆடியது. திருப்புளியை எடுத்தேன். பழைய பயம் கையைப் பிடித்துத் தள்ளியது, இன்னும் முறுக்கு, இன்னும் முறுக்கு என்று. ஆட்டம் நின்ற இடத்தில் கால் சுற்று மட்டும் கூட்டி நிறுத்திக்கொண்டேன்.

பதினொன்றரைக்கு ஓட்டுநர் சொன்னபடியே பனி கூழாகிவிட்டது. எங்கள் அணியில் முதலில் ரெட்டோ இறங்கினார், கடைசல் பிரிவுக்காரர், ஐம்பது வயது, ஸ்கீயில் நிதானமானவர். அடுத்து அபிராமி. எனக்குச் சற்று முன் இறங்கிய வேறோர் அணிக்காரர் சமதளத்தில் நின்று, பலகையைக் கழற்றி, நடந்துகொண்டிருந்தார். அவருக்கும் அன்பாகக் கைதட்டினார்கள்.

நான் இறங்கினேன். கடைசி வளைவில் குதிகால் பக்கம் சாய்ந்தேன். உரசல் இல்லை. சமதளத்தில் முழங்காலை மடக்கி, பலகையைத் தட்டையாக வைத்து, குனிந்தபடி மூச்சைப் பிடித்துக்கொண்டேன். அடியில் தண்ணீர் சீறும் சத்தம் கேட்டது. போன வருடம் நின்ற இடம் வந்தது, போனது. பலகை ஓடிக்கொண்டே இருந்தது. எல்லைக்கோட்டைத் தாண்டி வேலிக்கருகில் போய், நிறுத்தத் தெரியாமல் விழுந்தேன்.

அபிராமி ஓடிவந்து தூக்கினாள். “ஐயோ அக்கா, நீங்கள் நிக்கவே இல்லை! சமதளத்தில என்னை விடக் கெதியா வந்தனீங்கள்!”

ஒன்பது அணிகளில் மூன்றாம் இடம். தற்பெருமை என்றே வைத்துக்கொள்ளுங்கள், அந்தச் சமதளத்தை அன்று என் அளவுக்கு வேகமாகக் கடந்தவர் வேறு எவருமில்லை என்று ரெட்டோ சொன்னார். அவர் முகஸ்துதி செய்கிறவர் அல்ல. பரிசாகக் கிடைத்த பாற்கட்டியை ரயிலில் மூவரும் வெட்டிப் பங்கு போட்டோம்.

போக நினைப்பவர்களுக்கு: சறுக்கு மலைக்கான நாள் சீட்டு எழுபது பிராங்கைத் தாண்டும், இணையத்தில் முன்கூட்டி எடுத்தால் குறையலாம். மார்ச்சில் போனால் கோடு போட்ட அடிப்பரப்பு, ஜனவரிக் குளிரில் போனால் வழவழப்பான பரப்பு. எனக்குக் கிடைத்த காலை நேர அனுபவத்தை மறக்க வேண்டாம். கையால் கோடு போடத் தயங்கினால் கடையில் கொடுத்துச் சாணைக்கல்லில் தீட்டி வாங்குங்கள், ஈரப் பனிக்கு என்று சொல்லிக் கேளுங்கள். மெழுகு போடுவதற்கு முன் திருகாணிகளைத் தளர்த்துங்கள், பிறகு அளவாக முறுக்குங்கள். முதல் ஓட்டத்துக்குப் பிறகு ஒருமுறை சரிபாருங்கள். சின்னத் திருப்புளி ஒன்று சட்டைப்பையில் இருக்கட்டும்.

இந்த நாட்டில் எட்டு வருடமாக நான்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அனுமதி அட்டையை எங்கே புதுப்பிப்பது, குப்பையை எப்படிப் பிரிப்பது, மலையில் எப்படி நிற்பது என்று. திங்கட்கிழமை காலை அளவைக் கூடத்தைத் திறக்கப் போனபோது வாசலில் நான்கு பலகைகள் சாய்த்து வைக்கப்பட்டிருந்தன. பக்கத்தில் ரெட்டோவும் இன்னும் மூவரும். மலையடிவாரத்தில் பிறந்து வளர்ந்தவர்கள்.

“மகனின் பலகை, ஈரப் பனியில் நின்றுவிடுகிறது” என்றார் ரெட்டோ. “என்ன செய்யலாம், சொல்லுங்கள்.”

சொன்னேன்.