மிக்ஸிக் கடை காஜி

திருப்பதிக்குப் பக்கத்தில் உள்ள புத்தூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் மிக்ஸி ரிப்பேர் கடை வைத்திருக்கும் கௌஸ் பாஷாவை ஊரில் பெயர் சொல்லிக் கூப்பிடுவது அபூர்வம். எல்லோருக்கும் அவர் காஜி சாப். மதரஸாவில் சில வருடம் ஓதியதோடு சரி, பட்டம் எதுவும் வாங்கவில்லை. பழைய காஜி காலமானபோது நிக்காஹ் நடத்தி வைக்க ஆளில்லாமல் ஜமாத்தார் இவரைக் கூப்பிட்டார்கள். போனார், ஓதினார், அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. கடைப் பலகையிலும் ‘காஜி மிக்ஸி சர்வீஸ்’ என்றுதான் இருக்கும். அதை எழுதிய பெயிண்டர் தணிகைவேலுக்கு அவருடைய சொந்தப் பெயர் இன்றுவரை தெரியாது.

இந்த வருடம் அரசாங்கம் அந்த வட்டாரத்துக்கு முறையாக ஒரு காஜியை நியமித்தது. திருப்பதிக்காரர், பெயர் சுஹைல், மார்க்கச் சட்டம் படித்து முப்தி பட்டம் பெற்ற இளைஞர். வந்த கையோடு ஜமாத்துக்குச் சொல்லியனுப்பினார்: இனி வேறு யாரும் காஜி என்று சொல்லிக்கொண்டு நிக்காஹ் நடத்தக் கூடாது.

ஊர் இரண்டுபட்டது. டீக்கடையில் ஆளுக்கொரு சட்டம் பேசினார்கள், தொழுகைக்கு வராதவர்கள்தான் அதிகமாகப் பேசினார்கள்.

அந்த நேரம் பார்த்துத்தானா தாஜுத்தீன் மகள் அர்ஷியாவுக்குக் கல்யாணம் வர வேண்டும்! பக்கத்துக் கடை தாஜுத்தீன், கௌஸ் பாஷாவின் உயிர் நண்பர். பத்திரிகையில் ‘காஜி கௌஸ் பாஷா’ என்று அச்சாகிவிட்டது. மாப்பிள்ளைக்கோ குவைத்தில் வேலை. அர்ஷியாவை அழைத்துப்போக வேண்டுமானால் அரசாங்கக் காஜி தரும் சான்றிதழ்தான் செல்லும்.

“நேத்து வந்தவன் யாருடா அவன்? நீதான் ஓதணும். விசா வரலன்னா போவுது!” என்று தாஜுத்தீன் குதித்தார்.

கௌஸ் பாஷாவுக்கு அது இனிப்பாகத்தான் இருந்தது. ஆனால் வீட்டுக்குப் போனதும் சோறு இறங்கவில்லை.

“அந்தப் பேரு போச்சுன்னா நான் யாரு?” என்றார் மனைவியிடம்.

“மிக்ஸி ரிப்பேர்காரரு,” என்றாள் ஷம்ஷாத். “அதுக்கு முன்னாடி என் வூட்டுக்காரரு. துன்னுங்க.”

மறுநாள் திருப்பதிக்கு பஸ் ஏறினார். சண்டைக்கு வந்திருக்கிறார் என்று நினைத்துச் சுஹைல் விறைப்பாக உட்கார்ந்திருந்தார்.

“எங்கூர்ல ஒரு நிக்காஹ். நீங்க வந்து நடத்தணும்,” என்றார் கௌஸ் பாஷா.

“பத்திரிகைல உங்க பேருன்னாங்களே?”

“பேரு இருந்துட்டுப் போவட்டும். பொண்ணு புருசனோட போவணும் இல்ல?”

சுஹைலின் முகம் இளகியது. “உங்களை மனசுல வெச்சுக்கினு நான் சொல்லல ஹஜ்ரத். யாரோ நடத்துன நிக்காஹ், சான்று செல்லாம ஒரு பொண்ணு கோர்ட்டுக்கு அலைஞ்சுக்கினு இருக்குது. அதான் கறாரா சொல்லிட்டேன்.”

கௌஸ் பாஷா இதை யோசித்ததே இல்லை. வரும் வழியெல்லாம் அந்த முகம் தெரியாத பெண்ணே மனதில் இருந்தாள்.

விஷயம் கேட்டு தாஜுத்தீன் அவரோடு பேசுவதையே நிறுத்திவிட்டார். கல்யாணத்தன்று கௌஸ் பாஷா மண்டபத்தில் செருப்பு விடும் இடத்துக்குப் பக்கத்தில், கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தார். மேடையில் சுஹைல் இருந்தார்.

“பொண்ணுகிட்ட சம்மதம் கேட்டு வர வகீல் யாரு?” என்று சுஹைல் கேட்டார். அர்ஷியாவின் தாய்மாமன் எழுந்தார். அதற்குள் உள்ளிருந்து சொல்லியனுப்பினார்கள். கௌஸ் சாச்சா வந்து கேட்டால்தான் பெண் பதில் சொல்வாளாம்.

கூட்டம் புதுக் காஜியின் முகத்தைப் பார்த்தது. அவர் சிரித்துவிட்டார். “பொண்ணு யாரைக் கேக்குதோ அவருதான் வகீல். அதுக்குப் பட்டம் வேணாம்.”

கௌஸ் பாஷா இரண்டு சாட்சிகளோடு உள்ளே போனார். ஊரில் பாதிப் பேருக்கு நிக்காஹ் ஓதியவர் அவர். ஆனால் காஜியின் இடம் ஆண்கள் நடுவே; பெண்ணின் சம்மதம் எப்போதும் வேறொருவர் வாய்வழியாகத்தான் அவருக்கு வந்து சேரும். மணப்பெண்ணின் குரலை ஒருநாளும் அவர் கேட்டதில்லை.

பூச்சரத்துக்குள் தலைகுனிந்திருந்தவளிடம் மாப்பிள்ளையின் பெயரைச் சொல்லிக் கேட்டார்.

“சம்மதம் சாச்சா,” என்றாள் அர்ஷியா. மெல்லத்தான் சொன்னாள், ஆனால் தெளிவாகச் சொன்னாள்.

வாசலில் நின்ற தாஜுத்தீன் கண்ணைத் துடைத்தபடி அவர் கையைப் பிடித்துக்கொண்டார். இருவரும் சேர்ந்தே மேடைக்கு வந்தார்கள். சுஹைல் நகர்ந்து தன் பக்கத்தில் இடம் விட்டார்.

கௌஸ் பாஷா உட்கார்ந்து, சுஹைலைப் பார்த்து எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்:

“பொண்ணு சம்மதம் சொல்லிட்டா, காஜி சாப்.”